ஒரே ஒரு முத்து

என் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, இரண்டு தழும்புகள் உண்டு. ஒன்று, நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் சம்மதத்தைக் கேட்காமல் அம்மை குத்தியது. மற்றது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகு, 'அவருக்குச் சம்மதம்தான்' என்று என் மனைவி சொன்னதன் பேரில் குத்தியது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். அம்மை குத்துகிறவர்கள் எப்போது வந்தாலும் முதல் தழும்பைக் காட்டியே அந்த முப்பது வருஷத்தையும் ஓட்டினேன், காலாவதியான பாஸைக் காட்டி ரயிலில் போகிறவனைப் போல.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம் அது. எனக்கு ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்டில் குமாஸ்தா உத்தியோகம். கல்கத்தா ரோட்டில் வரும் லாரிகளை நிறுத்தி, பில்லில் இருக்கும் சரக்கும் லாரியில் இருக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. குடியிருந்தது கவரைப்பேட்டையில். காலையில் பஸ்ஸில் போவேன். சாயங்காலம் மெட்ராஸ் பக்கம் போகிற லாரி ஏதாவது ஒன்றில் தொற்றிக்கொண்டு திரும்புவேன். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வங்காளத்திலும் ஒரிசாவிலும் இருமத் தொடங்கியவர்கள் அந்த இருமலை முடிப்பதை என் காதுக்குப் பக்கத்தில் கேட்டபடி வீடு வந்து சேருவேன். இதில் உடம்பு சம்பந்தமான விஷயம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பஸ் காசு மிச்சம் என்பது மட்டும் தோன்றும்.

சுகாதார இலாகாக்காரர்கள் செக்போஸ்டுக்கு வந்து லாரிக்காரர்களுக்கு அம்மை குத்துவார்கள். அந்தக் காலத்துக் கருவி பார்க்கச் சின்னது. ஒரு கம்பியின் நுனியில் பல் வைத்த வட்டம். தோலில் மருந்தை விட்டு, அதன்மேல் வட்டத்தை வைத்து ஒரு திருகு திருகுவார்கள். லாரியோடு மலை ஏறி இறங்குகிற மனிதர்கள் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார்கள். அவர்களுக்கு நான் பிரசங்கம் செய்வேன். மாட்டுக்கு வரும் அம்மை மனிதனைக் காப்பாற்றும் அதிசயத்தை, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும், தெரியாத இந்தியிலும் விளக்குவேன். பலர் மனம் மாறிக் கையை நீட்டியிருக்கிறார்கள். கடைசியில் என் முறை வரும்போது மட்டும், உள்ளே அலமாரியில் ஏதோ ஒரு பழைய ஃபைல் மிக அவசரமாகத் தேவைப்படும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு கோடைக்காலத்தில், ஒரு டிரைவர் பில்லை நீட்டும்போதே ஒரு செய்தியையும் சேர்த்து நீட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், நெடுந்தூரம் இல்லாத ஓர் ஊரில் பெரியம்மை கண்டிருக்கிறதாம்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். அவளுக்கு இன்னும் அம்மை குத்தவில்லை. காரணம், பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து கரப்பான். இரண்டு கன்னமும் சிவந்து வெடித்து நீர் கசியும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அப்படியே. அரிப்பு தாங்காமல் என் சட்டையில் கன்னத்தைத் தேய்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவுவாள். தாவி ஏறினால் அவளுக்கு என் இடது தோள்தான் வேண்டும். வலது தோளில் என்ன குறை கண்டாளோ, தெரியாது.

செய்தியைக் கேட்டதும் மனைவி சொன்னாள், "குழந்தைக்கு உடனே குத்திடணும்."

நான் புத்தகம் படிக்கிறவன். லைப்ரரியில் எடுத்த ஒரு தடிமனான ஆங்கில வைத்தியப் புத்தகம் வீட்டில் இருந்தது. கெடு தாண்டியும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். கரப்பான் உள்ள குழந்தைக்கு அம்மை குத்தினால், குத்திய இடத்தோடு நிற்காமல் புண் உடம்பு முழுவதும் பரவக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"குத்தலேன்னா பெரியம்மை வந்தா?" என்றாள்.

அந்தப் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் வீட்டுக்காரம்மாவும் நியாயம் சொல்ல வந்தார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியில் அவர்களும் மறுபாதியில் நாங்களும் இருந்தோம். வாசல் ஒன்றுதான். நெல் போடுகிற குடும்பம். அவர் கணவர் பொழுதெல்லாம் கழனியில் இருப்பார். வீட்டுக்கு வந்தால் தனக்குப் பேச வாய்ப்பு வராது என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குப் பெரியபாளையத்து அம்மன்மேல் பக்தி என்று சொன்னால் போதாது. ஒரே தெருவில் இருக்கும் நாத்தனாரைப் பற்றிப் பேசுவதைப் போல அம்மனைப் பற்றிப் பேசுவார்.

"இன்னா நைனா இது? செவனேன்னு கீற ஆத்தாள யாராவது ஊசி வச்சுக் குத்திக் கூப்புடுவாங்களா? அவளா வந்தா வரட்டும். நாமளா பத்திரிக வச்சு அயைக்கணுமா?"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றேன், புத்தகத்தைக் காட்டி.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல ஜோடி சேர்ந்திருக்கீங்க. நாளைக்குப் பொன்னேரி டாக்டர்கிட்ட போறோம்."

பொன்னேரி டாக்டர் குழந்தையின் தோலை நிதானமாகப் பார்த்தார். என் புத்தகம் சொன்னதையே அவரும் சொன்னார். இந்தத் தோலோடு இப்போது குத்தக் கூடாது; ஆறட்டும். ஆனால் பெரியம்மை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் அது வேறு கணக்கு. அப்போது ஆபத்தைப் பார்க்காமல் குத்தியே ஆக வேண்டும். அதுவரை குழந்தைக்கு வேலியாக நிற்க வேண்டியது சுற்றி இருப்பவர்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். டாக்டர் கேட்டார், "அம்மாவுக்குக் குத்தியிருக்கா?"

அவள் கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே அம்மை குத்த வந்தபோது எல்லோருக்கும் முதலில் கையை நீட்டியிருந்தாள். தழும்பு புதிதாகவே இருந்தது. டாக்டர் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?"

"எளாவூர் செக்போஸ்ட்."

"எப்படிப் போய் வர்றீங்க?"

"போகும்போது பஸ். வரும்போது லாரி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப குத்திக்கிட்டீங்க?"

சட்டைக் கையைச் சுருட்டி என் பாஸைக் காட்டினேன்.

"இது நீங்க தொட்டில்ல இருந்தப்போ குத்தினது சார்."

"பத்திரமா வச்சிருக்கேன்" என்றேன்.

"ஏன் சார், அந்த வீட்டுக்குள்ள பெரியம்மை வரணும்னா உங்களைத் தவிர வேற எதுல வரும்?"

ஒரு குடும்பமே இவ்வளவு நாள் எந்தப் பக்கம் ஆபத்து என்று தேடிக்கொண்டிருந்தது. அது நாற்காலியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்ல வாயெடுத்தேன். "அவருக்குச் சம்மதம்தான்" என்றாள் மனைவி. அங்கே ஃபைல் அலமாரி எதுவும் கண்ணில் படவில்லை. திருகிவிட்டார்கள்.

திருகிய பிறகுதான் டாக்டர் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கையில் புண் பழுத்து, பொருக்கு உலர்ந்து தானாக விழுகிறவரை நான் குழந்தையைத் தொடக் கூடாது. என் துண்டு, சட்டை, பாய் எதுவும் அவள் பக்கம் போகக் கூடாது. குழந்தைக்குக் குத்தினால் என்ன ஆகுமோ, என் புண் பட்டாலும் அதுவே ஆகலாம்.

முதல் மூன்று நாள் நான் நடந்துகொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். குழந்தை தவழ்ந்து வரும். கை தன்னால் நீளும். "தொடாதீங்க!" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வரும். ஒரு தடவை அவள் தூளியில் அழுதபோது எழுந்து போய்த் தூக்கியே விட்டேன். மார்போடு சேர்ப்பதற்குள் மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. என் துண்டைத் தனியாக வைக்க மறந்தேன். தனியாக வைத்ததை எங்கே வைத்தோம் என்று மறந்து குழந்தையின் துண்டை எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை சமையலையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒரு ஆணையும் எத்தனை நேரம் காவல் காக்க முடியும்?

நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. கையில் ஒரு கொப்புளம், நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சிவந்து, பார்க்க லட்சணமாக எழும்பியிருந்தது. வீட்டுக்காரம்மா மோர் கொடுக்க வந்தவர் அதைப் பார்த்தார். மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா! முத்து போட்டுட்டியா!"

அம்மைக் கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அது அம்மன் போடும் முத்து. எப்படி வந்தது, குத்தி வந்ததா தானாக வந்ததா என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு அநாவசியம். வந்த பிறகு விருந்தாளி விருந்தாளிதான். அரை மணி நேரத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசலறை எனக்கு ஒதுக்கப்பட்டது. பாயில் வேப்பிலை பரப்பினார்கள்.

"இதோ பாரு நைனா. ஆத்தா போற வரைக்கும் இந்த ரூமத் தாண்டக் கூடாது. ஊட்ல தாளிப்பு கெடையாது. தலைக்கு எண்ண கெடையாது. வெளியாளு உள்ள வரக் கூடாது. உன் துணிய வேற துணியோட சேக்கக் கூடாது. கைக்கொயந்த இந்தப் பக்கமே வரக் கூடாது. ஆத்தா பக்கத்துல கொயந்தயக் கொண்டாந்து வுட்டுட்டு அப்பால குத்துது கொடையுதுன்னா நான் ஜவாப்தாரி இல்ல, ஆமா."

"அம்மா, இது வந்து விஞ்ஞான ரீதியா..."

"வாய மூடிக்கினு படு நைனா. ஆத்தா முன்னால எதிர்ப்பேச்சா?"

என் பார்வை மனைவியைத் தேடியது. அவள் கதவருகே குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "அந்த அம்மா சொல்றபடியே இருங்க" என்றாள். "டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்றாங்க. தாளிப்பு மட்டும்தான் கூட."

அன்றிலிருந்து நான் அந்த அறையைத் தாண்டவில்லை. டாக்டர் பேச்சை மீறினால் பின்னால் வருத்தப்பட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மா பேச்சை மீறினால் அந்த நிமிஷமே கேட்கும்படி ஆகிவிடும். தாளிக்காத குழம்பு, மோர், இளநீர். உள்ளே அடுக்களைப் பக்கம் குழந்தை சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். சாயங்காலம் தெருவில் யார் செருப்பைக் கழற்றினாலும் அவள் கத்துவாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலை நேரம், வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவரும், மருந்துப் பெட்டியோடு அம்மை குத்துகிறவர் ஒருவரும். ஆந்திராவிலிருந்து நோய் இந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் எளிமையானது. வீடு வீடாக ஏறிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். தெருவில் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு, எந்த நிலையில் வேப்பிலை தொங்குகிறது என்று பார்த்தால் போதும்.

வீட்டுக்காரம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "செருப்போட வராத. அங்கேயே நில்லு. ஆத்தா எறங்கிக்கீறா."

"யாருக்கும்மா?"

"குடித்தனக்காரருக்கு."

"எங்க வேலை பார்க்கிறாரு?"

"எளாவூரு செக்போஸ்டாண்ட."

இன்ஸ்பெக்டரும் மற்றவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"முத்து போட்டிருக்கா?"

"நல்லா போட்டுக்கீது."

"எத்தனை முத்து இருக்கும்?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். அது அவ இஷ்டம்பா. ஒண்ணும் போடுவா, ஒடம்பு பூராவும் போடுவா. நீ யாரு கேக்கறதுக்கு?"

நான் வெளியே வந்து கையைக் காட்டினேன். பொன்னேரியில் குத்திக்கொண்டது என்றேன். இன்ஸ்பெக்டர் கொப்புளத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். இத்தனை அருமையாகப் பழுத்த கையை அவர் அதிகம் பார்த்ததில்லை போலும். சிரித்துக்கொண்டே திரும்பியவர், சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த மனைவியையும், அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"குழந்தை முகத்துல என்ன?"

"கரப்பான் சார்" என்றாள் மனைவி.

"எல்லா ஊட்லயும் மொதல்ல கரப்பான்னுதாம்மா சொல்றாங்க." குரல் மாறியிருந்தது. "எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

"சார், நீங்க செக்போஸ்ட்ல வேலை. வாசல்ல வேப்பிலை. குழந்தைக்கு மூஞ்சி பூரா புண்ணு. நான் என்ன நினைக்கறது?" பெட்டிக்காரரிடம் கையைக் காட்டினார். அவர் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார். "இந்த ஊட்ல எல்லாருக்கும் குத்தியாகணும். குழந்தைக்கு மொதல்ல."

இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தோம். அவளுக்கு வந்திருப்பது பெரியம்மை என்றால் அவர் சொல்வது சரி. வெறும் கரப்பான் என்றால், அந்தத் திருகு அவள் உயிருக்கே உலை. நான் பொன்னேரி டாக்டர் சொன்னதையும், என் புத்தகத்திலிருந்த அத்தனையையும் சொல்லத் தொடங்கினேன். லாரிக்காரர்களிடம் எடுபட்ட பிரசங்கம் இங்கே எடுபடவில்லை. சட்டையில்லாமல், காதில் ஒரு வேப்பிலை ஒட்டியிருக்க, 'குழந்தைக்கு அம்மை குத்தாதீர்கள்' என்று கையெடுத்துக் கும்பிடுகிற ஆளை அவர் தினம் பத்து வீட்டில் பார்க்கிறவர். வீட்டுக்காரம்மா எனக்கு ஆதரவாகப் பேசினார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

மனைவிதான் கேட்டாள், "சார், உங்ககிட்ட பெரியம்மை படம் போட்ட அட்டை இருக்குமே? அதை இவ பக்கத்துல வச்சுப் பாருங்களேன். அது மாதிரி இருந்தா நானே பிடிச்சுக்கறேன், குத்துங்க."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்தார். அதில் உடல் முழுவதும் பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் படம். பார்க்க முடியாத படம். அவர் அதைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார். குழந்தைக்குப் பரம சந்தோஷம். வெகுநாள் கழித்து யாரோ தனக்காக ஒரு பொருளை நீட்டியிருக்கிறார். இரண்டு கையாலும் பறித்து, ஒரு மூலையை வாயில் வைத்துக் கடித்தாள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். முழங்கை மடிப்பைப் பார்த்தார். "உள்ளங்கையக் காட்டுங்க." அட்டையை விட மறுத்த கையை மனைவி விரித்துக் காட்டினாள். "உள்ளங்கால்."

இரண்டு பாதத்தையும் திருப்பிக் காட்டினாள். பெரியம்மை உள்ளங்காலைக்கூட விட்டு வைக்காது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். அந்தப் பாதங்களில் கொஞ்சம் தரைப் புழுதி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வழுவழுவென்று, அப்பொழுதுதான் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தன. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் காலையும் அப்படிப் பார்த்ததில்லை.

"கரப்பான்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். பெட்டிக்காரர் பெட்டியை மூடினார். "டாக்டர் சொன்னது சரி. தோல் ஆறினதும் குத்திக்கலாம். சார், நீங்க மட்டும் கிட்ட போவாதீங்க."

நான் இரண்டு அடி பின்வாங்கி என் அறை வாசலில் போய் நின்றேன். மனைவி குழந்தையின் வாயிலிருந்து அட்டையை மீட்டு, முந்தானையால் துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் வீட்டுக்காரம்மா அந்தப் படத்தைப் பார்த்தார்.

பார்த்ததும் கைகுவித்துவிட்டார். "ஆத்தா தாயே! இத்தினி முத்தோட படமா வந்து வாசல்ல நிக்கிறியா! நான் இன்னா பாவி, உன்ன வெளிய நிக்க வச்சுப் பேசிக்கினு கீறேன்." உள்ளே ஓடிக் குங்குமம் கொண்டுவந்தார். சர்க்கார் அட்டை என்று இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் அதன் நெற்றியில் ஒரு பொட்டு விழுந்துவிட்டது. பிறகு ரவிக்கைக் கையை மேலே தள்ளிக்கொண்டு பெட்டிக்காரரிடம் நீட்டினார்.

"குத்துப்பா."

"உங்களுக்காம்மா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஊடு தேடி வந்தவள திருப்பி அனுப்பலாமா? குத்து."

அந்த அம்மா கையை நீட்டியதைப் பார்த்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கை நீண்டது. நான் இரண்டு மொழியில் செய்த பிரசங்கங்களில் ஒன்றுகூட இவ்வளவு வேலை செய்ததில்லை.

அவர் கையும் பழுத்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று, தனக்கும் ஒரு கொத்து வேப்பிலை கட்டிக்கொண்டு, தன் பாதியில் வாசலறையில் போய்ப் படுத்தார். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகக் கிடந்தோம்.

"நைனா, தூங்கறியா?"

"இல்லம்மா. குழம்பை நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"எனக்குந்தான் நைனா. ரெண்டு கடுகு போட்டா ஆத்தா கோச்சுக்குவாளா?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்பார் அவர், வருத்தத்தோடு.

ஒரு நாள் காலை என் பொருக்கு பாயில் உதிர்ந்து கிடந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே வாசலுக்குப் போய் செருப்பை மாட்டி, மறுபடி கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல். அப்புறம் இடது தோளில் அந்தக் கனம். கன்னத்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டாள். புதுத் தழும்பு வலித்தது. தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.

பெரியம்மை அந்தக் கோடையில் எங்கள் ஊருக்கு வரவில்லை. வீட்டுக்காரம்மா மட்டும் என் பேரில் ஒரு வேண்டுதலை வைத்திருந்தார், எனக்குத் தெரியாமல். ஆடி மாதம் பெரியபாளையத்தில் இடுப்பில் வேப்பிலை உடுத்திக்கொண்டு கோயிலைச் சுற்றினேன். வேப்பிலை குளிர்ச்சி என்று எழுதியவர்கள் உடுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்துக்குள் நுழையும் வழியில் சுகாதார இலாகாக்காரர்கள் நின்று, யாத்திரீகர்களுக்குக் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்பிலைச் சேலையில் ஃபைல் அலமாரி இருக்கிறதென்று சொல்ல முடியாது. முதல் ஆளாகக் கையை நீட்டினேன்.

தை மாதத்தில் குழந்தையின் கன்னம் ஆறியது. மடிப்புகளும் உலர்ந்தன. பொன்னேரி டாக்டர் பார்த்து, சரி என்றார். குத்தினார்கள். குத்தி ஒரு வாரம் கழித்துப் பழுத்திருக்கிறதா என்று பார்க்க வருவது வழக்கம். அதே இன்ஸ்பெக்டர்தான் வந்தார். நிலையில் வேப்பிலையைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

"ஆத்தா வந்துக்கீறாளா?"

"வந்துக்கீறா" என்றார் வீட்டுக்காரம்மா.

"எத்தனை முத்து?"

"ஒண்ணே ஒண்ணு. வந்து பாரு, எம்மாம் அயகா கீது!"

மனைவி குழந்தையைத் தூக்கிவந்து கையைக் காட்டினாள். அவர் பார்த்தார். நன்றாகப் பழுத்திருக்கிறது, இனி பயமில்லை என்றார்.

அன்று வீட்டில் குழம்பில் தாளிப்பு இல்லை. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.